அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லவில்லை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தமிழ் ஆலோசகர்களான உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்டது என் பழைய அலுவலகத்தின் இப்போதைய மேலாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் உங்கள் அறைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அதைச் சொல்லாமல் தொடங்கினால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும். கஷ்டமான குடும்பம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால், மனதில் இருப்பதைக் கொட்டுவதற்கென்றே உங்களுக்கு ஒரு ஆளை ஒழுங்கு செய்து கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலோரத்தில் சாய்வு நாற்காலி வேறு. நாங்கள் கொட்டியதெல்லாம் பஸ் தரிப்பிடத்தில், மழையில் நனைந்துகொண்டு, பக்கத்தில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்.

டென்மார்க்கில், கோல்டிங் நகரசபையில், நாங்கள் கொம்யூன என்று சொல்லும் அந்தக் கட்டடத்தில், குடும்ப ஆலோசகராக வேலை செய்தவள் நான். தமிழ்க் குடும்பம் என்றால் கோப்பு நேரே என் மேசைக்கு வரும். எந்தப் பத்திரத்தை யாருக்கு அனுப்புவது, எப்போது மேலிடத்துக்கு அறிவிப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். பொறாமையைப் பற்றி எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. இந்த வேலையில் அது நிறைய வரும். எனக்கு வந்ததைச் சொல்கிறேன். ஆட்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், தேடிப் பார்க்காதீர்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் பிரிவுக்கு ஒரு உளவியலாளர் வந்து சேர்ந்தார். டெனிஷ் பெண், என் வயதில் பாதி இருக்கும். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றி கக்கத்தில் வைத்தபடியே கூட்டங்களுக்கு வருவார். தலைமயிர் எப்போதும் ஈரம். ரை மாவில் செய்த கறுத்தப் பாண் துண்டை வெறுமனே கடித்துக்கொண்டு கோப்புப் படிப்பார். தமிழர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எங்கள் ரோல்ஸ் பலகாரம் உறைக்கும் என்பது மட்டும்தான்.

ஒரு நாள் ஒரு தமிழ்ப் பிள்ளையின் கோப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது, அறையை விட்டு வெளியே வருவதில்லை. எங்கள் இருவரையும் சேர்ந்து பார்க்கச் சொன்னார்கள். இது என்னுடைய கோப்பு என்று எனக்குள் ஒரு உரிமை வந்துவிட்டது. மற்றவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை பெரிய முக்காடு வைத்த ஜாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. நான் முன்னுக்குச் சரிந்து, குரலில் முழுப் பாசத்தையும் சேர்த்து, "என்ன குஞ்சு, சாப்பிட்டியே?" என்று கேட்டேன்.

பிள்ளை டெனிஷில் திருப்பிக் கேட்டது. "உங்களுக்கு என் அம்மாவைத் தெரியுமா?"

"ஓம், கோயில்ல காணுறனான். உங்கட அம்மா நல்லவ."

அதோடு சரி. அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை இல்லை. நான் தமிழ் என்பதால் என்னிடம் மனம் திறக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். என்னிடம் சொன்னால் அது வெள்ளிக்கிழமைக்குள் கோயில் மடப்பள்ளிக்குப் போய்விடும் என்று பிள்ளை நினைத்தது. ரகசியம் காப்பது எனக்குச் சட்டக் கடமை என்று விளக்கினேன். முக்காடு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

அடுத்த தடவை உளவியலாளர் தனியாகப் பார்த்தார். நான் பக்கத்து அறையில் கணினியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், ஒரு எழுத்துப் படிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு. பிறகு சிரிப்பு. அந்தப் பிள்ளைக்குச் சிரிக்கத் தெரியும் என்று அப்போதுதான் அறிந்தேன். சொன்னால் வெட்கம், எழுந்து போய்க் கதவைத் தட்டி "கோப்பி வேண்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள், இருவரும் ஒரே குரலில்.

பிள்ளையின் சம்மதத்தோடு அவர் எனக்குச் சொன்னது இவ்வளவு. உடம்பில் வரும் மாற்றங்கள் வேறு யாருடையதோ போல் இருக்கின்றன. பெண் என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்க்க மனம் வருவதில்லை. ஆணா என்று கேட்டால் அதுவும் தெரியாது. இரண்டு சிநேகிதருக்கு மட்டும் தெரிந்த வேறொரு பெயர் இருக்கிறது, அதை எனக்குச் சொல்லக் கூடாது என்று தனியாகக் கேட்டுக்கொண்டதாம். அது என்னை எங்கே குத்தியது என்று உங்களுக்கு விளங்கும்.

இன்னொன்றும் இருந்தது. உளவியலாளர் பிள்ளையிடம் நேராகக் கேட்டிருக்கிறார்: "சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா?" தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் அதே குரலில். நான் என்றால் சுற்றி வளைத்திருப்பேன். நித்திரை வருகிறதா, கவலையா என்று கேட்டு, பதில் வராத இடமாகப் பார்த்து நின்றிருப்பேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே விதைத்துவிடுவோம் என்று எங்கள் ஆட்களுக்குள் ஒரு பயம் உண்டு, எனக்கும் இருந்தது. பிள்ளை நிம்மதியோடு பதில் சொல்லியிருக்கிறது. வருகிறது, அதுவும் வரப்போகும் கோடை விடுமுறையை நினைக்கும்போது கூடுதலாக வருகிறது. உளவியலாளர் அன்றே வைத்தியசாலையின் இளையோர் மனநலப் பிரிவோடு பேசி நாள் எடுத்துவிட்டார். இந்த ஒன்றை நான் அவரிடம் படித்தேன். நீங்களும் நேராகக் கேளுங்கள்.

கோடையில் என்ன? அங்கேதான் அவருக்குச் சறுக்கியது. ஒரு மச்சாளின் படத்தைப் பிள்ளை கைபேசியில் காட்டியிருக்கிறது. கூறைச்சேலை மாதிரி ஒரு பட்டு, கழுத்து நிறைய நகை, மாலை, பூ மேடை, சிம்மாசனம். "கோடையில் என்னையும் இப்படி உட்கார வைப்பார்கள்" என்று சொல்லியிருக்கிறது. உளவியலாளர் வெளிறிப்போய் என் அறைக்கு வந்தார். கையில் தொலைபேசி. "பிள்ளைக்குக் கலியாணம் செய்து வைக்கப் போகிறார்கள். இப்போதே மேலே அறிவிக்க வேண்டும்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இவருக்கும் ஒன்று தெரியவில்லையே! கோப்பியை மெதுவாக ஊற்றி, ஒரு மிடறு குடித்து, அந்தச் சந்தோஷத்தை அனுபவித்த பிறகுதான் விளக்கினேன். கலியாணம் இல்லை, சாமத்தியச் சடங்கு. பிள்ளை பெரிசானதற்குச் செய்வது. தாய்மாமன்மார் பாலறுகு, அதாவது பாலும் அறுகம்புல்லும், தலையில் வைத்துத் தண்ணீர் வார்ப்பார்கள், பிறகு மண்டபத்தில் விருந்தும் படம் பிடிப்பும். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். வைக்காமல் அறிவித்திருந்தால் அந்த வீட்டுக் கதவு எங்களுக்கு அதற்குப் பிறகு ஒருபோதும் திறந்திருக்காது.

"ஒரு நாள் விஷயம்தான்" என்று நான் பெருமையாக முடித்தேன்.

"அந்த நாள் யாருக்காக?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் நான் தாயைப் பார்க்கப் போனேன்.

தாயின் பெயர் மாலினி என்று வைத்துக்கொள்வோம். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, காலை முறை முடித்து வந்து சீருடையோடேயே கதவைத் திறந்தார். கணவர் தொழிற்சாலையில், அதிகம் கதைக்காத மனிதர். சடங்கைத் தள்ளிப்போட முடியாதா என்று நான் கேட்டதும் மாலினிக்குக் குரல் மாறிவிட்டது.

"அக்கா, ஏற்கெனவே தள்ளித் தள்ளித்தான் இந்த வருசம் வந்து நிக்குது. பிள்ளை பெரிசாகி எவ்வளவு காலம். என்ர அண்ணையும் தம்பியும் ஒரு மண்டபத்தில நிக்க மாட்டினம் எண்டு நிண்டவை. இப்பதான் ரெண்டு பேரும் வாறம் எண்டவை. மருமகளின்ர சடங்குக்கு மாமன் வராமல் விடேலாது. அதால வருகினம்."

இரண்டு பேரும் அமெரிக்காவில். அண்ணை டெக்ஸாஸில், தம்பி கலிபோர்னியாவில். ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அந்த நாட்டு அரசியலில் ஆளுக்கொரு பக்கம் போய், ஒரு தேர்தலோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள். எங்கள் நாட்டுச் சண்டை பிரிக்காத சகோதரர்களை வேறு யாரோ நாட்டுச் சண்டை பிரித்துவிட்டது. மாலினிக்கு இருந்த ஒரே வழி இந்தச் சடங்கு. ஒரே மேடையில், ஒரே செம்பில், இருவரும் தண்ணீர் வார்த்தே ஆக வேண்டும். பிள்ளை சாப்பிடாததையும், தன்னைப் பெண் என்று கூப்பிட வேண்டாம் என்று ஒருநாள் கத்தியதையும் கண்டு பயந்து, மாலினி இருவரிடமும் தனித்தனியே யோசனை கேட்டிருந்தார். அது அவர் செய்த மகா பிழை.

நாங்கள் கதைத்துக்கொண்டு இருக்கும்போதே அண்ணை தொலைபேசி எடுத்தார். ஸ்பீக்கரில் கேட்டேன். "உங்கட பள்ளிக்கூடம்தான் பிள்ளையின்ர மூளையைக் கழுவுது. லீவுக்கு என்னட்ட அனுப்பு, நான் நேராக்கிறன். சடங்கு செய்தால் எல்லாம் சரியாகும்." அவர் வைத்ததும் தம்பியின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. சடங்கு வன்முறை. இன்றைக்கே பெயரை மாற்ற வேண்டும், இன்றைக்கே சிகிச்சை கேட்க வேண்டும், தயங்கும் தாய் பிள்ளையைக் கொல்லுகிறாள். இருவரும் வீடியோக்கள் அனுப்பினார்கள். பிள்ளையோடு ஒரு வார்த்தை கதைத்தவர்கள் ஒருவரும் இல்லை. நியாயமாகச் சொன்னால் இருவருக்கும் அந்தப் பிள்ளையில் உயிர். சின்ன வயதில் கோல்டிங் கோட்டைக் குன்றில் அண்ணை பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த படம் வரவேற்பறையில் தொங்கியது.

எனக்கு அன்றைக்கு அவர்கள் மேலும் பொறாமை. இவ்வளவு படித்து, இவ்வளவு வருடம் இந்த வீடுகளில் ஏறி இறங்கியவள் நான். என் பேச்சுக்கு மாலினி தலையை மட்டும் ஆட்டினார். டெக்ஸாஸிலிருந்து ஒரு குரல் வந்ததும் எழுந்து நின்று கேட்டார்.

பிறகு கூட்டம். மாலினி, கணவர், பிள்ளை, உளவியலாளர், நான். சாக வேண்டும் என்ற நினைப்பைத் தாய் தகப்பனுக்குச் சொல்லலாம் என்று பிள்ளை சம்மதித்திருந்தது, தமிழில் நான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நான் சுற்றி வளைக்கவில்லை. "தங்கச்சி, பிள்ளைக்குச் சாக வேணும் எண்ட நினைப்பு வருது. உதவி கிடைச்சிருக்கு, நாங்கள் பயந்து ஓடாமல் கூட நிக்க வேணும்."

தகப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மாலினி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உளவியலாளரைப் பார்த்தார், அந்தப் பார்வையில் நெருப்பு.

"இவவுக்கு எப்ப தெரியும்?"

"கொஞ்ச நாளா" என்றேன்.

"பெத்த எனக்குத் தெரியாது. ஆரோ வெள்ளைக்காரிக்குத் தெரியும். என்னத்தைக் குடுத்து என்ர பிள்ளையை மயக்கினவ? பிள்ளை பெத்தவவோ இவ? கேளுங்கோ அக்கா!"

இந்த இடத்தில் என்ன செய்வது என்று உங்களுக்கு நிறையப் பாடம் இருக்கும். உங்கள் உணர்வு விளங்குகிறது என்று சொல்லலாம், தண்ணீர் கொடுக்கலாம், ஐந்து நிமிடம் இடைவேளை விடலாம். எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரிந்திருந்தது, ஏனென்றால் பக்கத்து அறையில் கணினியைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது எனக்குள்ளும் அதே குரல்தான் கத்தியது. அந்த எரிச்சல் வெளியே வராமல் மற்ற ஒன்றும் நகராது என்று தோன்றியது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தங்கச்சி, எனக்கும் இவவில சரியான எரிச்சல். நான் தமிழ், நான் குஞ்சு எண்டு கூப்பிட்டனான், பிள்ளை எனக்குச் சொல்லாமல் இவவுக்குச் சொன்னது. அண்டைக்கு வீட்ட போய்ச் சட்டி பானையெல்லாம் அடிச்சுக் கழுவினனான்."

மாலினி என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு வாய் கோணிக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. அறையில் பேசிய எதையும் ஒளிக்கக் கூடாது என்பது எங்கள் முறை, ஆகவே நான் சொன்னதையும் மாலினி சொன்னதையும் அப்படியே டெனிஷில் சொன்னேன். சட்டி பானை உட்பட. உளவியலாளரின் முகம் காது வரை சிவந்தது. அவர் மாலினியிடம் நேரே, மெதுவான டெனிஷில் சொன்னார்: "எனக்குக் கிடைப்பது வியாழக்கிழமை ஒரு மணித்தியாலம். அது முடிய, பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. நான் சைக்கிளில் தனியாகப் போகிறேன்." இதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

மாலினி மூக்கைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் பக்கம் திரும்பினார். "அப்ப எனக்கும் சொல்லு. எனக்கு விளங்காட்டியும் சொல்லு."

பிள்ளை மேசையைப் பார்த்துக்கொண்டு டெனிஷில் சொன்னது. "அந்த மேடையில் உட்கார்ந்தால் அது நான் இல்லை. உட்காராவிட்டால் மாமாமார் இனி ஒருநாளும் கதைக்க மாட்டார்கள். அது என்னால்தான் என்று ஆகும். பெரிய மாமா அனுப்பின எல்லா வீடியோவையும் பார்த்தேன். சின்ன மாமா அனுப்பினதையும் பார்த்தேன். என்னைப் போல ஒரு ஆள் இரண்டிலும் இல்லை."

தகப்பன் முகத்திலிருந்து கையை எடுத்தார். "சடங்கு வேண்டாம். நான் மண்டபத்துக்குச் சொல்லுறன்."

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றார் மாலினி. "என்ர சகோதரங்கள். நான் சொல்ல வேண்டியது."

அவர் கைபேசியை மேசையில் வைத்து இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே தொடர்பில்.

"சடங்கு இல்லை" என்றார் மாலினி.

"ஆர் சொன்னது? தம்பியே?" இது அண்ணை. "அவன்தான் உன்னைக் குழப்பிறான்."

"நல்ல முடிவு அக்கா" என்று தம்பி இடையில் பாய்ந்தார். "இப்பவாவது சில பேருக்கு விளங்கட்டும். இனி உடன பெயரை…"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ!" மாலினி அப்படிக் கத்துவார் என்று அவருடைய கணவருக்கே தெரியாது போலிருந்தது. "பிள்ளைக்குச் சாக வேணும் போல கிடக்காம். அதைக் கேளாமல் ஒருத்தர் தோத்தது எண்டுறியள், ஒருத்தர் வெண்டது எண்டுறியள். என்ர பிள்ளை உங்கட எலெக்சன் இல்லை."

அழைப்பைத் துண்டித்தார். பிள்ளை அப்போதுதான் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தாயை நிமிர்ந்து பார்த்தது.

அந்த இடத்தில் கதையை முடித்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சகோதரர்கள் சேரவில்லை. மாலினி டெனிஷ்காரியாகிவிட்டாள் என்று அண்ணை கதைப்பதை நிறுத்தினார். தான் சொன்ன வேகத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று தம்பியும் கோபித்துக்கொண்டார். பிள்ளை இன்னும் யோசிக்கட்டும் என்று வைத்தியர்களும் தாயும் விட்டதை இரு பக்கத்தாராலும் பொறுக்க முடியவில்லை. மாலினி தன் சகோதரர்களை நினைத்து என் அறையில் வந்துதான் அழுதார். உளவியலாளரின் அறைக்குப் போகவில்லை. அந்த அழுகையாவது எனக்குக் கிடைத்ததே என்று ஒரு அற்பத் திருப்தி எனக்கு வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பிள்ளை மெல்ல மெல்லத்தான் தேறியது. வியாழக்கிழமைகளில் வந்தது, மனநலப் பிரிவுக்குப் போனது, சில வாரங்கள் நன்றாகவும் சில வாரங்கள் மோசமாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. வரும்போதெல்லாம் எனக்கு ஒரு "ஹாய்" சொல்லும். அதற்கு மேல் இல்லை. நான் ஓய்வு பெறும் வரைக்கும் என்னிடம் அது தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்கும் இப்படி நடக்கும். நீங்கள் தமிழ் என்பதற்காக உங்களிடம் அனுப்பப்படும் பிள்ளை, நீங்கள் தமிழ் என்பதற்காகவே உங்களிடம் வாய் திறக்காது. அது வேறொருவரைப் பிடித்துக்கொள்ளும். வயிறு எரியும். எரியட்டும், ஆனால் கோப்பி வேண்டுமா என்று கதவைத் தட்டாதீர்கள். அந்த எரிச்சலோடு பிள்ளையின் தாயைப் போய்ப் பாருங்கள். அவருக்கு உங்களைவிட அதிகமாக எரிந்துகொண்டிருக்கும், அதை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போன மாதம் மாலினியைக் கடையில் கண்டேன். மரக்கறிப் பக்கம் நின்றார். என்னைக் கண்டதும் முறைப்பாடுதான்.

"ஐயோ அக்கா, நான் வேலையால வந்து சப்பாத்துக் கழட்ட முதல் பிள்ளை துவங்குது. கதை, கதை, ஒரே கதை. அரைவாசி டெனிஷ், அரைவாசி எனக்கு விளங்காத விசயம். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு ஓம் ஓம் எண்டு கேக்கிறன். எனக்கு ஒரு நிமிசம் ஓய்வில்லை."

முறைப்பாடு சொல்லும் முகமா அது! பெருமை தாங்காமல் மினுங்கியது. எனக்கு என் சொந்தப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்து மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைப்பது ஞாபகம் வந்தது. பொறாமை, வேறென்ன. அதை மறைத்துக்கொண்டு, வெங்காயத்தைத் தெரிவு செய்வது போல் குனிந்து, "அப்பிடி என்னதான் சொல்லுது பிள்ளை?" என்று கேட்டேன்.

மாலினியின் கண்ணில் சிரிப்பு இருந்தது. பிறகு என் கையைத் தட்டி, "அது எனக்குச் சொன்னது, அக்கா" என்று சொல்லிவிட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.